அம்மை போட்டிருந்த வீடு

எங்கள் கோவிலுக்கு வரும் சிங்களச் சனங்களின் வேண்டுதலைத் தமிழில் சொல்வது என் வேலையாக இருந்தது. அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. பூசாரியான என் அண்ணனுக்குச் சிங்களம் வரும், ஆனால் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். ஒரு தாய் அழுதுகொண்டே வேகமாகச் சொன்னால் அவருக்குப் பாதிதான் பிடிபடும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் அந்தப் பாஷை எனக்கு வாயிலேயே இருந்தது. ஆட்களைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கும் சுபாவம் எனக்கு, இன்றைக்கும் அப்படித்தான். அடுத்தவர் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் கூச்சம் வருவதில்லை. அது என் பேச்சு இல்லையே.

கோவில், நாவுலயிலிருந்து கிழக்கே போகும் ரோட்டில், ஒரு பழைய மிளகுத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்த எங்கள் சனங்கள் கட்டிய தகரக்கூரைக் கோவில். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கிராமத்தாருக்குக் கொடுத்தபோது எங்கள் ஆட்களில் பலர் இந்தியாவுக்கும் வவுனியாப் பக்கத்துக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியவை சில வீடுகள்தான். அதனால் வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்கு வருகிறவர்களில் சிங்களவர்களே அதிகம். எங்களுக்கு மாரியம்மன், அவர்களுக்குப் பத்தினி தெய்வம். வெள்ளைத் துணியில் காசை முடிந்துகொண்டு வருவார்கள். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்வார்கள். அவர்களுடைய நட்சத்திரங்களும் நம்முடையவைதான். ரெஹெண என்றால் ரோகிணி, ஹத என்றால் அஸ்தம், சுவண என்றால் திருவோணம். அண்ணன் மந்திரம் சொல்லிக்கொண்டே என் பக்கம் காதைச் சாய்ப்பார், நான் மெல்லச் சொல்வேன்.

எண்பதுகளின் கடைசியில் அந்த வேண்டுதல்கள் மாறிப்போயின. அதற்கு முன் மாடு காணாமல் போனது, பிள்ளை இல்லாதது, பரீட்சை என்று வந்தவர்கள், பிறகு உயிரைக் கேட்டு வந்தார்கள். சிங்களக் கிராமங்களுக்குள்ளேயே சண்டை. அரசாங்கத்துக்கு எதிராக ஒளிந்து இயங்கிய இளைஞர்கள் ஒரு பக்கம், ஆமிப் படையும் ஆளும் கட்சிக்காரர்களும் மறு பக்கம். கடையைப் பூட்டு, பஸ்ஸை நிறுத்து, விளக்கை அணை என்று சுவரில் கடதாசி ஒட்டப்படும். ஒட்டியவன் யார் என்று தெரியாது, ஆனால் எல்லோரும் கீழ்ப்படிவார்கள். மறுநாள் ஆமி ஜீப் வரும். கீழ்ப்படிந்தவர்களை ஏன் கீழ்ப்படிந்தாய் என்று கேட்கும்.

எண்பத்து மூன்றில் எங்கள் லய வீடுகளுக்குத் தீ வைத்தவர்களும் இந்தக் கிராமத்துப் பக்கத்து ஆட்கள்தான், காட்டுக்குள் ஒளிந்திருந்த எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்களும் இந்தக் கிராமத்துப் பக்கத்து ஆட்கள்தான். ஆறு வருடம் கழித்து அவர்களே இரண்டாகப் பிரிந்து நின்றபோது, நாங்கள் யாருடைய பக்கமும் இல்லாதவர்கள் ஆனோம். அதனால் எங்களிடம் வந்து மனதில் உள்ளதைச் சொன்னார்கள். தமிழ் ஆட்கள் போய் யாரிடம் கோள் சொல்லப் போகிறார்கள்?

அப்படி வந்தவர்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு வயல் வரம்புக்கு இந்தப் பக்கம் ஒருவர் வீடு, அந்தப் பக்கம் மற்றவர் வீடு. மூத்தவரை நான் நெந்தா என்று கூப்பிடுவேன், சிங்களத்தில் அத்தை என்று அர்த்தம். புருஷனை இழந்து, ஒரே மகனை வளர்த்தவர். கீரையும் வெற்றிலையும் கூடையில் கொண்டுவந்து எங்கள் வீடுகளில் விற்பார். இளையவரை அக்கா என்பேன், அவர் என்னை நங்கி என்பார், தங்கச்சி என்று அர்த்தம். அவருடைய புருஷன் ஆளும் கட்சிக்காரர். தேர்தல் வந்தால் கொடி கட்டுவார், ஆட்களுக்கு வேலை எடுத்துக் கொடுப்பார். கிராமத்தில் முதலில் டீவி வந்தது அவர் வீட்டுக்குத்தான். நெந்தாவின் மகன் சின்ன வயதிலிருந்து சாயந்திரமானால் வரம்பைத் தாண்டிப் போய் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். அக்காவுக்கு மகள் பிறந்தபோது வலி கண்ட நேரத்திலிருந்து கூடவே இருந்து பார்த்தவர் நெந்தா.

ஒரு நாள் சாயந்திரம் அக்காவின் புருஷனை அவர் வீட்டு முற்றத்திலேயே சுட்டுப் போட்டார்கள். மறுநாள் காலை பாலத்துச் சுவரிலும் கடைச் சுவரிலும் கடதாசி. சாவுக்கு யாரும் போகக் கூடாது, வெள்ளைக் கொடி கட்டக் கூடாது, பெட்டியைத் தோளில் தூக்கக் கூடாது, முழங்காலுக்குக் கீழேதான் கொண்டுபோக வேண்டும், அந்த வீட்டுக்கு ஒருவரும் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. அக்காவின் அண்ணன் தம்பிமார் கலேவெலப் பக்கத்திலிருந்து வந்து, குனிந்து குனிந்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கோவிலைத் தாண்டிப் போனதை நான் மதில் ஓரத்திலிருந்து பார்த்தேன். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை கீழே வைத்து இடுப்பை நிமிர்த்திக்கொண்டார்கள். பின்னால் அக்கா மட்டும் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அடக்கம் முடிந்ததும் அண்ணன் தம்பிமாரும் பயந்து ஊருக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. வயலில் நின்ற நெந்தாவின் மகனைச் சேற்றுக் காலோடு ஏற்றிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு நெந்தா வெள்ளிக்கிழமைகளில் வருவார். மகன் பெயர், ஹத நட்சத்திரம். “உசுரோட இருக்கானான்னு மட்டும் தெரியணும்னு கேளு துவ.” துவ என்றால் மகளே. அக்கா செவ்வாய்க்கிழமைகளில் வருவார். புருஷனின் பெயரைச் சொல்வார், நட்சத்திரம் சொல்லும்போது அழுதுவிடுவார். வெள்ளியும் செவ்வாயும் தற்செயல் இல்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் இருப்பதற்காக, என் வாயால் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரவர் பிரித்துக்கொண்டதுதான். மகனைப் பிடித்துக் கொடுத்தது அக்காதான் என்று நெந்தா நம்பினார். புருஷனைச் சுட வழி காட்டியது அந்த மகன்தான் என்று அக்கா நம்பினார். இரண்டும் எனக்குத் தெரியும், எதையும் மற்றவரிடம் சொன்னதில்லை.

பங்குனி வெயிலில் அக்காவின் மகளுக்கு அம்மை போட்டது. செவ்வாய்க்கிழமை காலை அக்கா உள்ளே வராமல் வேப்ப மரத்தடியிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார். அம்மை கண்ட வீட்டார் அப்படித்தான், கோவிலுக்குள் வரமாட்டார்கள்.

“நங்கி, பிள்ளைக்கு மஞ்சள் அரைச்சுத் தருவியா? தனியா விட்டுட்டு மறுபடி வர முடியாது. நீயே வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் சரி.”

எங்கள் கோவிலில் அது ஒரு வழக்கம். அம்மை கண்ட பிள்ளைகளுக்குப் பூசுகிற மஞ்சளைக் கோவில் அம்மியில்தான் அரைக்க வேண்டும். குளித்துவிட்டு, கல்யாணமாகாத பெண் அரைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்தான். அந்த அம்மியில் வேறெதையும் அரைக்க மாட்டோம்.

அண்ணிக்கு நான் போவது பிடிக்கவில்லை.

“அரைச்சுக் குடு, வேணாங்கல. அந்த வீட்டுக்குள்ள போகாத. நாளைக்கு நம்ம செவுத்துலயும் கடதாசி ஒட்டிருவாங்க.”

“கடதாசி ஒட்டினா நல்லதுதான்” என்றார் அண்ணன். “கோவிலுக்கு வெள்ளையடிச்சு எத்தன வருசமாச்சு.”

“ஒங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. சாகப் போறப்பவும் பல்லக் காட்டிக்கிட்டுத்தான் போவீங்க.”

நான் வேலிவரைக்கும் போய், மஞ்சளை வாழையிலையில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே போகப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், கோவிலுக்குப் பின்னால் இருக்கிற சாய்ப்புக் கொட்டகைக்குள் உட்கார்ந்து மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன். நெந்தா வந்தார். தலை முழுகி ஈரம் சொட்டியது. வெள்ளைச் சட்டை, இடுப்பில் சுற்றிய வெள்ளைச் சீத்தைத் துணி. வழக்கமாகக் கொண்டுவரும் பூத்தட்டு இல்லை, கையில் ஒரு துணிப் பொட்டலம் மட்டும்.

“அம்மி கொஞ்சம் வேணும் துவ.”

“என்ன அரைக்க நெந்தா?”

“செத்தல் மிளகாயும் மிளகும்.”

“வீட்டுல அம்மி இல்லையா?” என்று கேட்டுவிட்டேன்.

“வீட்டுல அரைச்சா கறிக்கு. இங்க அரைச்சா தேவிக்கு.”

எனக்குக் கை நின்றுவிட்டது. தெய்வத்தின் முன்னால் மிளகாய் அரைத்து, இது எரிவதுபோல் இன்னாருடைய வீடு எரியட்டும் என்று சொல்வதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். தூரத்துக் கோவில்களில் நடக்கும். எங்கள் கோவிலில் நடந்ததில்லை. அண்ணன் பூ கிள்ளிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி சொல்லுது அந்தம்மா?”

சொன்னேன். அண்ணன் பூக்கூடையைக் கீழே வைத்தார்.

“இது என்ன பொலிஸ் ஸ்டேசனா, ஆளாளுக்கு வந்து பேரு குடுத்துட்டுப் போறதுக்கு? இங்க அந்தப் பழக்கம் இல்லன்னு சொல்லு.”

நான் கொஞ்சம் மரியாதையாக்கிச் சொன்னேன். நெந்தா அண்ணனையே பார்த்துப் பதில் சொன்னார்.

“பழக்கம் இல்லேன்னா இன்னைக்கு ஆரம்பிக்கட்டும். பெரிய கோவிலுக்குப் போக பஸ் ஓடுதா? என் மகனைக் காட்டிக் குடுத்தவ மூணு வேளையும் சோறு தின்னுட்டு நிம்மதியா இருக்கா. எனக்குத் தொண்டையில சோறு எறங்கி எத்தனை நாள்!”

சொல்லிக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்து, அம்மியில் இருந்த மஞ்சளைப் புறங்கையால் ஒதுக்கப் போனார். நான் உள்ளங்கையை அம்மியின் மேல் வைத்துவிட்டேன். யாரையும் அப்படித் தடுத்த பழக்கம் எனக்கு இல்லை.

“வேணாம் நெந்தா. இது அம்மை போட்ட பிள்ளைக்கு அரைக்கிறது. இந்தக் கல்லுல மிளகாய் பட்டா பிள்ளைக்கு எரியும்.”

“எந்தப் பிள்ளைக்கு?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொய் சொல்ல வராது.

“வரம்புக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு.”

நெந்தா கையை இழுத்துக்கொண்டார். அண்ணனுக்கு நான் சொன்னது விளங்கிவிட்டது. அவர் மெல்ல வந்து சாய்ப்பின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலைத் தாழ்த்தி எனக்குச் சொன்னார், நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

“அம்மை போட்டா அம்மன் அந்த வீட்டுக்குப் போயிட்டான்னுதான் நம்ம சொல்றது. ஒங்க ஆளுங்களும் தெய்வத்து நோய்ன்னுதான சொல்றீங்க. அவ இப்ப அங்க படுத்திருக்கா. இங்க உள்ள வெறும் கல்லுக்குத்தான் நான் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன். அந்த வீடு எரியணும்னு நீங்க கேட்டா, யாரு எரியிறது?”

நெந்தா அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தன. அவருக்கு அண்ணன் சொன்னது புதிதல்ல. அம்மை வந்த வீட்டைத் தூற்றக் கூடாது, அந்த வழியாகப் போனால் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று அவருடைய அம்மாவும் சொல்லித்தான் வளர்த்திருப்பார். ஆனால் அந்த வீட்டில் அம்மை என்பது அவருக்குத் தெரியாது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்ததைக்கூட வரம்பின் இந்தப் பக்கமிருந்து அவர் பார்க்கவில்லை. அந்தத் திசையைப் பார்ப்பதையே விட்டிருந்தார்.

கடைசியில் கேட்டார். “வாய்க்குள்ளயும் போட்டிருக்கா?”

“தெரியாது நெந்தா. நான் உள்ள போகல.”

“யாரு போறது?”

“ஒருத்தரும் போறதில்ல.”

“கஞ்சி?”

“அக்கா தனியாத்தான்.”

“நீ அரை” என்றார். “நான் கொண்டுபோறேன். எனக்குச் சின்னதுல போட்டிருக்கு, இனி வராது.”

மிளகாய்ப் பொட்டலத்தை அம்மிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு எழுந்தார். அண்ணி அதைக் கண்டதும் கத்தினார். “ஐயோ, அத வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க!”

“கொழம்புல போடு” என்றார் அண்ணன். “இத்தன வருசம் ஒன் கொழம்பத் தின்னு உசுரோட இருக்கேன், இது என்னத்தப் பண்ணிரும்?”

“அப்ப இன்னைக்குப் பட்டினியாக் கெடங்க, தெரியும்.”

பிறகு அண்ணனே வாழையடியில் ஒரு குழி தோண்டி அதைப் புதைத்தார்.

நெந்தாவோடு நானும் போனேன். தனியாக அவரை அந்த வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என்ன நடக்குமோ என்ற பயம். வழியில் கடை வாசலில் நின்ற ஆட்கள் பார்த்தார்கள். நெந்தா சத்தமாகவே சொன்னார். “பயப்படாம வா. கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அவங்களுக்காகப் போனவனைப் பெத்தவ நான்.”

அக்கா கதவைத் திறந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. நெந்தாவைக் கண்டதும் கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி மறித்துக்கொண்டார்.

“எதுக்கு வந்தீங்க? மிச்சம் யாரு இருக்கான்னு பாக்கவா?”

“ஒன்னைப் பாக்க வரல” என்றார் நெந்தா. “தேவியப் பாக்க வந்தேன். வழி விடு.”

அதைக் கேட்டு அக்காவின் கை தானாகக் கீழே இறங்கியது. அம்மை போட்டிருக்கும்போது அம்மனைப் பார்க்க வந்தேன் என்பவரைத் தடுக்க அந்த வீட்டில் யாருக்கும் துணிவு வராது.

பிள்ளை வெள்ளைத் துணியில் கிடந்தாள். உடம்பெல்லாம் கொப்புளம். நெந்தா முதலில் கும்பிட்டார். பிறகு சீத்தையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். “உள்ளயும் இருக்கு. அதான் குடிக்க மாட்டேங்குது. இளநி இருக்கா?” இல்லை என்றார் அக்கா. அவருக்குத் தென்னை ஏறித் தர ஆள் வருவதில்லை. நெந்தா என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் ஓடினேன். அண்ணன் தானே கோவில் தென்னையில் ஏறினார். வயதான காலத்தில் புருஷன் மரமேறுவதை அண்ணி கீழே நின்று திட்டிக்கொண்டே பார்த்தார். அந்த இளநீரை அண்ணியே வெட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து நெந்தா தினமும் போனார். கஞ்சி காய்ச்சினார், வேப்பிலைக் கொத்தால் விசிறினார், பிள்ளை சொறியாமல் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னார். இரண்டு பெண்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் எங்கே, துணி எங்கே என்பதைக்கூடப் பிள்ளையிடம்தான் கேட்டுக்கொண்டார்கள். “அம்மாகிட்டக் கேளு, சுத்தமான துணி இருக்கான்னு.” “நெந்தாகிட்டச் சொல்லு, கொடியில கெடக்குன்னு.” மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். மஞ்சள் கொண்டுபோகும் எனக்குச் சிரிப்பும் வரும், துக்கமும் வரும். நெந்தாவுக்காகவோ என்னவோ, எங்கள் சுவரில் கடதாசி எதுவும் ஒட்டப்படவில்லை.

கொப்புளங்கள் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் காய வைத்து முற்றத்தில் ஊற்றுவோம். முதல் செம்பை நெந்தா ஊற்றினார். இரண்டாவது செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்க்காமலே பேசினார்.

“பாலத்துல ஒட்டின கடதாசிக்குப் பசை நான்தான் காய்ச்சினேன். ஸ்கூல் வேலைக்குன்னு என் மகன் சொன்னான். ராத்திரி வந்து கையக் கழுவினப்ப தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சும் சும்மா இருந்தேன். ஒன் புருசன் பெட்டியை அப்படித் தூக்கிட்டுப் போனப்ப நான் வீட்டுக் கதவப் பூட்டிக்கிட்டேன்.”

அக்கா பிள்ளையின் தோளைப் பிடித்திருந்தார்.

“ஆமிக்கு அவன் பேரு சொன்னது நான்தான்” என்றார். “சுட்டான்னு சொல்லல. அன்னைக்கு சாயந்திரம் டீவி பாக்க வந்திட்டு, பாதியில எழும்பிப் போனான்னு சொன்னேன். வேற யாரோட பேரும் எனக்குத் தெரியல. யாராவது ஒருத்தரோட பேரைச் சொல்லணும்போல இருந்துச்சு.”

நெந்தா செம்பைக் கீழே போட்டுவிட்டு வேலிவரை நடந்து போனார். அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வரம்பைத் தாண்டினால் அவர் வீடு. போய்விடுவார், இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார், கூப்பிடவில்லை. நனைந்த பிள்ளை மட்டும் நடுங்கிக்கொண்டு, “நெந்தே, குளிருது” என்று கத்தினாள்.

நெந்தா திரும்பி வந்தார். செம்பை எடுத்து மிச்சத் தண்ணீரை ஊற்றி முடித்தார். தலையைத் துவட்டிவிட்டார். காதுக்குப் பின்னால்கூட ஈரம் இல்லாமல் துடைத்தார்.

“நாளைக்கு விடிய வாங்க” என்றார் அக்கா. கதவை மறித்த நாளுக்குப் பிறகு அவர் முகம் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது. “ஆமி முகாமுக்குப் போவோம். அவனுக்கு உடுத்த ஒரு சாரமும் சட்டையும் பொதியாக் கட்டிக்கிட்டு வாங்க.”

மறுநாள் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு இருவரும் போனார்கள். அக்கா வெள்ளைச் சேலை, நெந்தா அதே வெள்ளைச் சட்டை. நெந்தாவின் கையில் துணிப் பொதி. அவர் முன்பும் தனியாக அந்த வாசலுக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று பொதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் தாய்மாருக்கு அதுதான் கணக்கு. பொதியை வாங்கிக்கொண்டால் பிள்ளை உள்ளே உயிரோடு இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால், வேறு வாசலுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் நினைக்கக் கூடாததை நினைக்க வேண்டும்.

நான் பிள்ளைக்குக் கல்லாங்காய் ஆடக் கற்றுக்கொடுத்தேன். மனம் அதில் இல்லை. அண்ணன் அன்று சாயந்திரப் பூசையை முடித்துவிட்டும் நடையைச் சாத்தாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி சமைத்ததை யாரும் தொடவில்லை. “என்னமோ நம்ம வீட்டுப் பிள்ளையத் தேடப் போன மாதிரி” என்று சொன்ன அண்ணியும்தான் சாப்பிடவில்லை.

இருட்டத் தொடங்கிய பிறகு கடைசி பஸ் வந்தது. இரண்டு பேரும் இறங்கினார்கள். நான் முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். பொதி இல்லை.

நெந்தா கோவில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நடந்ததை அக்காதான் சொன்னார். வாசலில் நின்றவன் வழக்கம்போல இல்லை என்றானாம். அக்கா நகரவில்லை. செத்துப்போன கட்சிக்காரரின் பெண்சாதி நான், பெரிய ஆளைப் பார்க்க வேண்டும் என்று நின்றிருக்கிறார். வெயிலில் வெகு நேரம் நிற்க வைத்த பிறகு ஒருவர் வந்தார்.

“நான் சொன்னேன், அவன் சுட்டதை நான் பாக்கல, கோபத்துல பேரு சொன்னேன்னு. அவர் என்னைப் பைத்தியத்தப் பாக்கிற மாதிரி பாத்தார். ஒன் புருசனக் கொன்னவங்களுக்கு நீ வக்காலத்து வாங்குறியான்னு கேட்டார். நான் யாருக்கும் வக்காலத்து வாங்கல மாத்தையா, என் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தினது இந்தம்மான்னு சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?” என்று அண்ணன் கேட்டார்.

“வாசல்ல நின்னவனப் பொதிய வாங்கிக்கச் சொன்னார்.”

அண்ணன் எழுந்து உள்ளே போய் விளக்கைத் தூண்டிவிட்டார். அர்ச்சனைக்கு அவராகவே அந்தப் பையன் பெயரைச் சொன்னார், அஸ்த நட்சத்திரம் என்றார். நான் எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் உடனே வந்துவிடவில்லை. அங்கிருந்து வேறொரு முகாமுக்கு மாற்றினார்கள். அக்காவும் நெந்தாவும் சில தடவை சேர்ந்தே போனார்கள். ஒரு வருடம் நெருங்கும்போது, மெலிந்து, ஒரு காதில் சரியாகக் கேட்காமல், அவன் வீடு வந்து சேர்ந்தான். அந்தக் காலத்தில் திரும்பி வராத பிள்ளைகளே அதிகம். எங்கள் கோவிலுக்கு வந்த மற்ற தாய்மாரில் பலருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அதனால் நெந்தா அவன் வந்ததைச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவன் வந்து சில நாளில் அக்காவின் புருஷனுக்கு வருடத் தானம். பிக்குமாருக்கு அன்னம் கொடுத்து, வந்தவர்களுக்கும் சோறு போடுவார்கள். சண்டை ஓய்ந்திருந்ததால் இந்தத் தடவை கிராமத்தார் வந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், நெந்தா பருப்புக்கறி கிண்டிக்கொண்டிருந்தார். மகனைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று அவர் முதல் நாளே கேட்டிருந்தார்.

“வேணாம்” என்றிருந்தார் அக்கா. “நீங்க வாங்க. அவன் முகத்தப் பாக்க எனக்கு இன்னும் முடியல. முடியும்னு பொய் சொல்ல மாட்டேன்.”

நெந்தா அதற்கு வருத்தப்படவில்லை. “சரி” என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அவன் வந்திருந்தான். உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே, ரோட்டின் அந்தப் பக்கம், நிழல்கூட இல்லாத இடத்தில் நின்றான். பிக்குமார் வந்ததிலிருந்து பிரித் ஓதி, அன்னம் பரிமாறி, அவர்கள் திரும்பிப் போகும்வரை நின்றான். ஆட்கள் அவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். நெந்தா ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி அகப்பையை எடுத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் பரிமாறி முடிந்தது. அக்கா ஒரு தட்டை எடுத்தார். சோறு போட்டு, பருப்பும் பலாக்காய்க் கறியும் வைத்து, அப்பளம் ஒன்றையும் மேலே வைத்தார். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

“வெயில்ல நிக்கிறான். கொண்டுபோய்க் குடு. தட்டத் திருப்பி வாங்கிட்டு வா.”

பிள்ளை இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு சிந்தாமல் முற்றத்தைத் தாண்டிப் போனாள். அவன் குனிந்து வாங்கினான். உட்காரவில்லை. ரோட்டிலேயே நின்று, தலை நிமிராமல், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். பிள்ளை தட்டுக்காகப் பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றாள்.